நீர்ச்சிக்கன நெல் சாகுபடி: பெயரும் பொருளும்

தமிழில் நீர்வளமுடைய நிலம் நன்செய் என்றும், வானம் பார்த்த நிலம் புன்செய் என்றும் பெயர் பெற்றுள்ளன. 'செய்' என்பது வயல். நன்மையும் புன்மையும் மதிப்பீட்டுச் சொற்கள். நிலத்தின் இயல்பைச் சுட்டுவதோடு அமையாமல், கிடைக்கும் நீரின் அளவை வைத்து நிலத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்கின்றன இப்பெயர்கள். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் இவை இன்று வெறும் வகைப்பெயர்களே. எனினும், நீர் நிறைந்த வயலே நல்ல வயல் என்னும் கருத்து சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. இத்தகைய மொழியில், நெல்வயலில் நீரை எப்போதும் தேக்கி வைக்காதே என்று கூறும் ஒரு சாகுபடி முறைக்குப் பெயரிடுவது எளிய செயலன்று. இரண்டாயிரத்துக்குப் பின்னர் இந்திய மொழிகள் பலவும் ஒரே நேரத்தில் இச்செயலைச் செய்ய நேர்ந்தது. ஒரே கருத்துக்கு ஒவ்வொரு மொழியும் இட்ட பெயர், கலைச்சொல்லாக்கத்தில் அவை மேற்கொள்ளும் வெவ்வேறு வழிகளைக் காட்டுவதோடு, அவ்வழிகளின் குறைகளையும் வெளிப்படுத்துகிறது.

கருத்து இதுதான். நெல் நீரைத் தாங்கும் பயிர். ஆனால் நீரில் மூழ்கியே வாழவேண்டிய பயிரன்று. வயலில் நீரைத் தேக்குவதன் பெரும்பயன் களையை அடக்குவதாகும். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி ஒரு கிலோ நெல்லுக்கு மழையும் பாசனமும் சேர்ந்து சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குள் வருகிறது. அதில் ஒரு பகுதியே பயிரின் வழியாக ஆவியாகிறது. மற்றது மண்ணுக்குள் இறங்கியோ பக்கவாட்டில் கசிந்தோ வெளியேறுகிறது. வயலைக் காயவிட்டுப் பின்னர் நீர் பாய்ச்சினால் பாசன நீரில் 30 விழுக்காடு வரை குறைக்கலாம் என்பது அந்நிலையத்தின் பரிந்துரை. இதனோடு, இளநாற்றை ஒன்று ஒன்றாக, 25 செ.மீ. அளவுள்ள சதுர இடைவெளியில் நடுதல், உருளும் கருவியால் களையை மண்ணுக்குள் அமுக்குதல், தொழுஉரம் இடுதல் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு தொகுதியாக்கியவர் ஆன்ரி த லோலானியே என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி. அவர் 1961 முதல் மடகாஸ்கரில் பணியாற்றியவர். மழை தவறிய 1983-இல், பதினைந்து நாள் நாற்றை அவசரமாக நட நேர்ந்த அனுபவத்திலிருந்து இம்முறை உருவாயிற்று.

லோலானியே இதற்கு இட்ட பிரெஞ்சுப் பெயர் 'சிஸ்டெம் த ரிசிகுல்த்யூர் ஆந்தான்சிவ்'. இதில் 'ஆந்தான்சிவ்' என்பது பெயரடை. நெல் வேளாண்மை என்னும் பெயர்ச்சொல்லைச் சிறப்பிப்பது. ஆங்கிலத்தில் இது 'சிஸ்டம் ஆஃப் ரைஸ் இன்டென்சிஃபிகேஷன்' ஆயிற்று. எஸ், ஆர், ஐ என்னும் மூன்று முதலெழுத்துகளும் மாறாமல் நின்றன; ஆனால் இலக்கணம் மாறிவிட்டது. பெயரடை இருந்த இடத்தில் ஒரு செயலைக் குறிக்கும் பெயர் வந்தது. இருக்கும் நிலையைச் சுட்டிய தொடர், ஒன்றைச் செறிவாக்கும் செயலைச் சுட்டும் தொடராயிற்று. வேளாண்மை விலகி நெல்லே அச்செயலுக்குச் செயப்படுபொருளாகிவிட்டது. வேளாண் அறிவியல் ஆங்கிலத்தில் 'செறிவாக்கம்' என்பது விதை, உரம், நீர் ஆகிய இடுபொருள்களை மிகுதியாக்குவதையே பெரும்பாலும் குறிக்கும். இம்முறையோ விதையையும் நீரையும் குறைக்கச் சொல்கிறது. ஆக, பெயர் ஒன்றைக் கூற முறை அதற்கு எதிரானதைக் கூறுகிறது. முதலெழுத்தைக் காப்பதற்காகப் பொருளை விட்டுக்கொடுத்த மொழிபெயர்ப்பு என்றே இதைக் கொள்ளவேண்டும். (முதலெழுத்து விளையாட்டு இம்முறையின் ஆதரவாளர்க்கு மட்டும் உரியதன்று. 2004-இல் இதன் விளைச்சல் கூற்றுகளை ஐயுற்ற சின்க்ளேர், காஸ்மன் என்னும் அறிஞர் இருவர், உறுதிசெய்யப்படாத வயல் உற்றுநோக்கல்கள் என்னும் தொடரைப் பறக்கும் தட்டுகளைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துக் குறியாகச் சுருக்கித் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டனர். அந்தக் கேலியை எந்த இந்திய மொழியிலும் பெயர்க்க இயலாது.)

இந்திய மொழிகளுள் பெரும்பான்மை, பொருளை மொழிபெயர்க்க முயலவேயில்லை. எஸ்.ஆர்.ஐ. என்னும் மூன்றெழுத்தை ஒரு சொல்லாகச் சேர்த்துப் படித்து 'ஸ்ரீ' ஆக்கிவிட்டன. இந்தியில் ஸ்ரீ விதி, தெலுங்கில் ஸ்ரீ வரி, கன்னடத்திலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஸ்ரீ பத்ததி. தெலுங்கில் 'வரி' என்பது நெல். பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் இந்தியாவில் திருமகளின் பெயராயிற்று. கலைச்சொல்லாக்க நெறியில் இதனை ஒலிபெயர்ப்பு என்பதா, மொழிபெயர்ப்பு என்பதா, நாட்டார் சொற்பிறப்பியல் என்பதா என வகைப்படுத்துவது கடினம். ஒலியொப்புமையால் ஏற்கெனவே உள்ள சொல்லோடு கலந்துவிடும் இவ்வகைக் கடன்கள் புதியன அல்ல. ஆனால் திட்டமிட்டே, அரசுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பல மொழிகளில் ஒருங்கே இவ்வாறு செய்தது அரிய நிகழ்ச்சி.

இந்தப் பெயரின் வலிமை எதிர்பாராத ஓர் இடத்தில் வெளிப்பட்டது. பீகாரில் இதே முறையைக் கோதுமைக்கும் கடுகுக்கும் பயன்படுத்தத் தொடங்கியபோது ஆங்கிலம் இடர்ப்பட்டது. எஸ்.ஆர்.ஐ.-யின் நடுவெழுத்து நெல்லைக் குறிப்பதால், கோதுமைக்கு வேறு எழுத்து தேவைப்பட்டது. பின்னர் எல்லாப் பயிர்களுக்கும் பொதுவாக இன்னொரு சுருக்கம் படைக்க நேர்ந்தது. இந்தி பேசும் உழவர்க்கோ எந்த இடர்ப்பாடும் இல்லை. 'ஸ்ரீ விதி கோதுமை' என்றனர், பொருள் விளங்கிற்று. மூலத் தொடரோடு தொடர்பு அறுந்த சொல், எதனோடும் சேரும் உரிமையைப் பெற்றுவிட்டது. பொருளற்ற பெயர் என்று மொழிபெயர்ப்பாளர் ஒதுக்கக்கூடிய ஒன்று, பொருளுடைய பெயரைவிட அதிக தொலைவு சென்றது. விளக்கப்பெயர்களையே உயர்ந்தவையாகக் கருதும் நம் கலைச்சொல்லாளர்கள் இந்நிகழ்ச்சியைப் பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

எனினும் ஸ்ரீ என்னும் பெயருக்கும் ஒரு விலை உண்டு. அது முறையைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. நீரைப் பற்றியும் கூறுவதில்லை. விளக்கம் முழுவதும் பெயருக்கு வெளியே, பயிற்சியாளரின் வாயில் இருக்கிறது. பயிற்சி நல்லதாக அமைந்த ஊரில் முறை நிலைக்கும். அல்லாத ஊரில் பெயர் மட்டும் நிலைக்கும்.

தமிழ் வேறு வழியில் சென்றது. ஸ்ரீ என்பது கிரந்த எழுத்து. தமிழ் எழுத்துலகில் அது சமயச் சார்பையும் ஒருவகை நடைச் சார்பையும் உடன்கொண்டு வருவது. 'ஸ்ரீ முறை' என்பது தமிழில் வேளாண்மையைவிட வழிபாட்டையே முதலில் நினைவூட்டும். எனவே பொருள்வழிப் பெயர்களே தேடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டிலேயே இம்முறையில் ஆய்வுகளைத் தொடங்கியமையால், பெயரிடும் தேவையும் தமிழுக்கு முன்னதாகவே வந்தது. ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என மூன்று பெயர்கள் வழங்கலாயின. ஒவ்வொன்றும் தனியே ஆராயத்தக்கது.

'ஒற்றை நாற்று நடவு' என்பது உழவரால் எளிதில் பற்றிக்கொள்ளப்பட்ட பெயர். மலையாளத்தில் வழங்கும் 'ஒற்றஞார்' என்பதும் இவ்வகையினதே. கண்ணால் காணக்கூடிய ஒரு செயலைக் கூறுவதால் இப்பெயர் தெளிவானது. ஆனால் இது சினையாகுபெயர் போன்றது. முறையின் ஓர் உறுப்பைச் சொல்லி முழுமையைக் குறிக்க முனைகிறது. ஆகுபெயர் கேட்போர்க்கு முழுமை முன்பே தெரிந்திருந்தால்தான் பயன்படும். தலைக்கு ஒரு பழம் என்றால் ஆளுக்கு ஒரு பழம் எனக் கொள்வதற்கு, தலை ஆளைச் சேர்ந்தது என்னும் அறிவு வேண்டும். ஒற்றை நாற்று என்பதைக் கேட்பவர்க்கு அதன் பின்னே நீர் மேலாண்மை, களைக்கருவி, இடைவெளி ஆகியவை நிற்பதாக மொழி எவ்வகையிலும் குறிப்புணர்த்துவதில்லை. ஒரு நாற்றை நட்டுவிட்டு, வழக்கம்போல் வரப்பு நிறைய நீர் கட்டியவர், தாம் அம்முறையைப் பின்பற்றியதாகவே கருதுவார். பெயரின்படி அவர் கூறுவது சரியும்கூட. 13 மாநிலங்களின் உழவரிடையே நிகழ்ந்து 2013-இல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியான ஆய்வு, முறையின் கூறுகளுள் சிலவற்றை மட்டும் ஏற்றுக்கொண்டவர்களே மிகுதி என்று காட்டியது. அதற்குக் கூலியாள் தட்டுப்பாடு, கால்வாயில் நீர் வரும் காலம் எனக் காரணங்கள் பல உள்ளன. பெயரை மட்டும் குற்றவாளியாக்குவது மொழியியலாளரின் மிகையாகும். ஆனால் பகுதியை முழுமையெனக் கொள்ள இடந்தரும் பெயர் அப்போக்கிற்குத் தடையாக நிற்கவில்லை என்பது உறுதி.

இப்பெயருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சென்னை மாகாண வேளாண்துறை, விதையைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு இதனைப் பரப்ப முயன்றது. ஆகவே இத்தொடர் ஏற்கெனவே ஒரு பொருளைச் சுமந்த தொடர். அப்பொருள் விதைச் சிக்கனம். பழைய பாத்திரத்தில் புதிய பொருளை ஊற்றினால் பழைய மணம் போவதில்லை.

'செம்மை நெல் சாகுபடி' என்பதில் செம்மை என்பது நேர்த்தி, ஒழுங்கு என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. ஆனால் நிறப்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. செம்மையும் நெல்லும் புணர்ந்தால் இலக்கணப்படி செந்நெல் ஆகும். செந்நெல் என்பது இலக்கியத்தில் நிலைபெற்ற ஒரு நெல்வகை. புணர்த்தாமல் 'செம்மை நெல்' என நிறுத்தியதால் பண்புப்பெயர் தன் அருவப்பொருளைக் காத்துக்கொண்டது. காட்சியில் மட்டும் சற்றுச் செயற்கையாக நிற்கிறது. சிவப்பரிசிக்கு மீண்டும் சந்தை உருவாகியுள்ள இக்காலத்தில், 'செம்மை நெல்' என்று கேட்போர் நெல்வகையை எண்ணுவதில் வியப்பில்லை.

'திருந்திய நெல் சாகுபடி' அரசு வழக்கில் நிலைபெற்றது. இதன் அமைப்பு இருபொருளுக்கு இடந்தருவது. திருந்தியது நெல்லா, சாகுபடியா? [திருந்திய நெல்] சாகுபடி எனப் பிரித்தால் அது ஒரு புதிய விதை. திருந்திய [நெல் சாகுபடி] எனப் பிரித்தால் அது ஒரு முறை. பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய தமிழ் உழவர் மொழியில் நெல்லின் முன் அடை வந்தால் அது ரகத்தையே குறிப்பது வழக்கமாகிவிட்டதால், முதற்பொருளே முந்துறும். இம்முறையின் தனிச்சிறப்போ அது எந்த ரகத்துக்கும் பொருந்தும் என்பது. 'நெல் திருந்திய சாகுபடி' என மாற்றினால் மயக்கம் நீங்காது. தமிழ்த் தொடரும் சிதையும்.

அதைவிட ஆழமான இடர் 'திருந்து' என்னும் வினையில் உள்ளது. இது தன்வினை, பிறவினை திருத்து. திருந்திய கையெழுத்து, திருந்திய வாழ்வு, சிறையிலிருந்து திருந்தி வந்தவன் ஆகிய வழக்குகளிலெல்லாம் முன்பு ஒரு குறை இருந்தது என்பது முற்கோள். எனவே திருந்திய சாகுபடி எனும்போது, இதுவரை உழவர் செய்தது திருந்தாத சாகுபடி என்பது சொல்லாமலே பெறப்படும். உழவரிடம் செல்லும் துண்டறிக்கையின் தலைப்பே அவர் தந்தையும் பாட்டனும் செய்ததைப் பிழை என்று கூறுமாயின், உள்ளே இருப்பதை அவர் எந்த மனநிலையில் படிப்பார்? இத்தனைக்கும் வேளாண்மொழியில் 'திருத்து' என்னும் பிறவினை மதிப்புமிக்கது. நிலம் திருத்துதல் என்றால் காட்டைக் கழனியாக்குதல், மேடுபள்ளத்தைச் சமமாக்குதல். இகழ்ச்சி அதில் சிறிதும் இல்லை. பிறவினையிலிருந்து தன்வினைக்கு மாறியதில், உழவரின் உழைப்பைப் போற்றும் பொருள் போய், அவரைத் திருந்தச் சொல்லும் பொருள் வந்துவிட்டது.

மடகாஸ்கர் வரலாற்றை அறிந்தவர்க்கு இங்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. அந்நாட்டில் 'சிஸ்டெம் த ரிசிகுல்த்யூர் அமெலியோரே' என வேறொரு முறையும் உண்டு. 'மேம்படுத்தப்பட்ட நெல் வேளாண்முறை' என்பது அதன் பொருள். வரிசை நடவையும் உரப் பயன்பாட்டையும் அடிப்படையாகக் கொண்ட அம்முறையிலிருந்து வேறுபடுத்தவே லோலானியே முறைக்கு வேறு அடைமொழி பயன்பட்டது. தமிழின் 'திருந்திய' என்பது பொருளால் நெருங்குவது 'ஆந்தான்சிவ்' என்பதையன்று, 'அமெலியோரே' என்பதையே. மூலநாட்டில் எதனிடமிருந்து பிரித்துக்காட்டப் பெயர் தோன்றியதோ, அதன் பெயரையே தமிழ் இதற்குச் சூட்டியுள்ளது. ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே பிறமொழிக் கருத்துகளை அணுகும் நம் வழக்கத்தால் நேரும் இழப்புகளுள் இதுவும் ஒன்று. ஸ்ரீ என்பதற்கு நிகராகத் 'திரு' என்னும் ஒலி திருந்திய என்பதன் முதலில் நிற்பது தற்செயல். அதனைக் கொண்டு பெயரை நியாயப்படுத்த முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்ட 2010-இல் இம்முறைக்கு 'இராஜராஜன் 1000' என்னும் பெயர் தமிழ்நாட்டில் சூட்டப்பட்டது. பெருமைப்பெயர், அவ்வளவே. நெல் ரகங்கள் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்களைக் கொண்டவை என்பதால், அரசன் பெயரோடு ஓர் எண் சேர்ந்தவுடன் அது விதையின் பெயர் போலாகிவிட்டது என்பதைத் தவிர மொழியியலார் கூறுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

இத்தனை பெயர்களிலும் எதிலும் நீர் இல்லை. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இல்லை, ஸ்ரீயில் இல்லை, ஒற்றை நாற்றில் இல்லை, திருந்தியதிலும் இல்லை. காவிரி நீர் குறைந்த ஆண்டுகளில், நீரைச் சிக்கனப்படுத்தும் முறை என்றே அரசும் அறிவியலாரும் பரிந்துரைத்த ஒன்றன் பெயரில் நீர் பற்றிய சொல் இடம்பெறாதது கவனத்துக்குரியது. இந்த இடத்தில்தான் தமிழ் தன்னிடம் இருந்த ஒன்றைப் பெயராக்கத் தவறியது. அது 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்னும் தொடர்.

இத்தொடர் துண்டறிக்கைகளில் வராமலில்லை. நீர் நிர்வாகம் என்னும் உட்தலைப்பின்கீழ், 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டவும்' என ஒரு வரியாக வந்துபோகிறது. உழவர் வழக்கிலிருந்து எடுக்கப்பட்ட அத்தொடரின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. காய், பாய் என்னும் இரண்டும் ஓரசை வினைகள். எதுகையும் இயைபும் உடையவை. ஒரே ஈறு பெற்றவை. பாய்ச்சல் என்பதைப் பாய் என்னும் தன்வினையிலிருந்தும் பெறலாம். பாய்ச்சு என்னும் பிறவினையிலிருந்தும் பெறலாம். முதலாவது நீர் தானே பாய்வது. இரண்டாவது உழவர் பாய்ச்சுவது. காய்ச்சல் என்பதில் இந்த இரட்டைநிலை இல்லை. காய்ச்சு என்னும் பிறவினை இன்று பாலுக்கும் கஞ்சிக்கும் உரியது. வயலை யாரும் காய்ச்சுவதில்லை, காயவிடுகின்றனர். ஆக, காய்ச்சல் வயலின் செயல், பாய்ச்சல் உழவரின் செயல் என இரு வினைமுதல்களை இத்தொடர் அருகருகே வைக்கிறது. உழவர் பொறுத்திருக்க வயல் காய்கிறது. வயல் காய்ந்தபின் உழவர் பாய்ச்சுகிறார். செய்தலும் செய்யாதிருத்தலும் சேர்ந்ததே இம்முறை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது.

'உம்... உமாக' என்னும் அமைப்பும் கருதத்தக்கது. 'ஏற்றமும் இறக்கமுமாக' என்பதில்போல இது மாறிமாறி நிகழ்தலைத் தானே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் 'வெட்டிங் அண்ட் டிரையிங்' என்றால் இரண்டும் நிகழும் என்பதே பெறப்படும். மாறிமாறி என்பதற்கு 'ஆல்டர்னேட்' என்னும் தனி அடை தேவை. அவ்வடையையும் விடாமல் பெயர்த்து, 'மாறி மாறி நனைத்தலும் உலர்த்தலும்' என எழுதுவோர் தமிழ் உருபு முன்பே செய்த வேலையை மீண்டும் செய்கின்றனர். அது மட்டுமன்று. நனைப்பதும் உலர்த்துவதும் துணிக்குச் செய்யும் செயல்கள். அத்தொடரைப் படிப்பவர்க்கு நெல்வயலைவிடக் கொடியில் தொங்கும் வேட்டியே கண்முன் வரும்.

காய்ச்சல் என்பது நோயையும் குறிக்குமே என்னும் தயக்கம் எழலாம். வெப்பம், உலர்வு, சுரம், மனக்கடுப்பு எனப் பல பொருள்கள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பாய்ச்சல் என்னும் துணையோடு வரும்போது சுரம் என்னும் பொருள் எவர்க்கும் தோன்றாது. துணைச்சொல்லே பொருளை வரையறுக்கும் இத்தகைய இணைமொழிகளைக் கலைச்சொல்லாளர் நம்பாததற்குக் காரணம், கலைச்சொல் என்பது ஒற்றைச்சொல்லாக, அகரவரிசையில் ஓரிடத்தில் நிற்கவேண்டும் என்னும் எண்ணமாகும். அகராதிக்கு வசதியானது வயலுக்கும் வசதியானதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

நீர் பற்றிய பிற கலைச்சொற்களும் இதே ஒளியில் ஆராயத்தக்கவை. மிகவும் இடர்தருவது 'நீர் உற்பத்தித்திறன்' என்பது. ஓர் அலகு நீருக்குக் கிடைக்கும் விளைச்சல் என்பது கருத்து. தமிழ்த்தொகையோ நீரை உற்பத்தி செய்யும் திறன் என்றே முதலில் பொருள்படும். மின் உற்பத்தித்திறன், பால் உற்பத்தித்திறன் என்பவற்றோடு ஒப்பிட்டால் இது விளங்கும். ஆங்கிலத்தில் முன்னிற்கும் பெயர், இடுபொருளாகவும் இருக்கலாம், விளைபொருளாகவும் இருக்கலாம். தமிழில் 'உற்பத்தி' என்பதன்முன் நிற்கும் பெயர் பெரும்பாலும் செயப்படுபொருளே. 'நீர்வழி விளைதிறன்' என்றோ, இன்னும் வெளிப்படையாக 'கன மீட்டர் நீருக்கு விளைச்சல்' என்றோ கூறினால் இம்மயக்கம் நேராது.

அரசு முழக்கம் ஒன்றும் இங்குச் சுட்டத்தக்கது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் ஆங்கில முழக்கத்திலுள்ள 'கிராப்' என்னும் சொல் இந்தியில் 'ஃபஸல்' ஆயிற்று. தமிழில் 'துளி நீரில் அதிக பயிர்' என வழங்குகிறது. ஆங்கிலச் சொல் நிற்கும் பயிரையும் அறுத்த விளைச்சலையும் குறிக்கும். இந்திச் சொல்லும் அவ்வாறே. தமிழில் இவை இரு சொற்கள். பயிர் நிற்பது, விளைச்சல் அடிப்பது. தமிழ் முழக்கத்தைச் சொற்படி கொண்டால் துளி நீரில் மிகுந்த செடிகளை வளர்க்கவேண்டும் என்றாகிறது. லோலானியே முறையின் உயிர்நிலையோ செடியைக் குறைத்து விளைச்சலைக் கூட்டுவது. ஒரே துறையின் இரு துண்டறிக்கைகள், ஒரு சொல்லின் பிழையால், ஒன்றையொன்று மறுக்கின்றன.

'சேமிப்பு' என்பதும் எளிதாகக் கடந்துசெல்லத் தக்கதன்று. ஆங்கிலத்தின் ஒரே வினைக்குத் தமிழில் சேமித்தல், மிச்சப்படுத்தல், சிக்கனப்படுத்தல் என மூன்று உண்டு. சேமித்தது ஓரிடத்தில் இருக்கவேண்டும். வங்கியில் பணம்போல், குதிரில் நெல்போல். மிச்சம் என்பது செலவுபோக எஞ்சியது, எங்கேனும் இருக்கும். சிக்கனம் செலவழிப்பவரின் நடத்தை மட்டுமே. எஞ்சியது என்னவாயிற்று என்பதை அது கூறாது. கால்வாய்ப் பாசனத்தில் ஒருவர் தம் வயலுக்குக் குறைவாகப் பாய்ச்சினால் அவர் எதனையும் சேமிப்பதில்லை. அந்நீர் அடுத்த மடைக்குச் செல்லலாம். வடிகாலில் விழுந்து கடலுக்கும் செல்லலாம். அதுபோல் வயலிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் நீர், கிணறுள்ள ஊரில் இழப்பன்று. பக்கத்து உழவர் அதனை மீண்டும் இறைக்கிறார். பாசனவியலார் டேவிட் செக்லர் 1996-இல் ஈரமான சேமிப்பு, உலர்ந்த சேமிப்பு எனப் பிரித்தது இதனையே. கையில் உண்மையாகக் கிடைக்கும் நீர் ஈரமானது. கணக்கேட்டில் மட்டும் தோன்றுவது உலர்ந்தது. இந்த வேறுபாட்டை ஆங்கிலம் உருவகத்தால் காட்ட நேர்ந்தது. தமிழுக்கு உருவகம் தேவையில்லை. சிக்கனம், மிச்சம் என்னும் சொற்களே போதும். வயலளவில் சிக்கனம், ஆற்றுப்படுகையளவில் மிச்சம் என வரையறுத்து ஆண்டால், ஒரு வயலின் சதவீதத்தை மாநிலத்தின் சதவீதமாகப் பெருக்கிக் கூறும் பிழை மொழியளவிலேயே தடுக்கப்படும். எல்லாவற்றுக்கும் சேமிப்பு என்னும் ஒரே சொல்லை ஆளும் இன்றைய வழக்கு, தன்னிடமுள்ள வேறுபாட்டைத் தானே அழித்துக்கொள்கிறது.

குறைகளை மட்டும் கூறுவது நேர்மையாகாது. சொட்டுநீர்ப் பாசனம் என்பது நல்ல ஆக்கம். பாசனம் என்பது பாய்தலை நினைவூட்ட, சொட்டுதல் அதற்கு முரணாக நின்றாலும், வழக்கில் அம்முரண் தேய்ந்துவிட்டது. உழவர் 'சொட்டுநீர் போட்டிருக்கிறோம்' எனப் பாசனத்தையே விட்டுவிட்டனர். தெலுங்கு 'பிந்து சேத்யம்' எனத் துளியைச் சாகுபடியோடு சேர்த்தது. இந்தியில் 'டபக் சிஞ்சாயி'. சிஞ்சாயியின் வேர் தெளித்தல், ஊற்றுதல் என்னும் பொருளுடையதாதலால் அங்கு முரண் எழவில்லை. நீரை வெகுதூரம் பீய்ச்சித் தூவும் கருவிக்கு 'மழைத்தூவான்' எனத் தமிழில் வழங்கும் பெயர் மிகச் சிறந்தது. மூலச்சொல்லிலுள்ள துப்பாக்கியை நீக்கி மழையை மட்டும் காத்துக்கொண்டது அது.

சொல்லின் நுட்பம் எவ்வளவு நேரடியாக வயலைத் தொடும் என்பதற்கு ஒரு சான்று போதும். காய்ச்சல் எவ்வளவு நாள்? எப்போது மீண்டும் பாய்ச்சுவது? இதற்குத் தமிழ்த் துண்டறிக்கைகள் தரும் விடை: மண்ணில் 'மயிரிழை வெடிப்பு' தோன்றும்போது 2.5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டவேண்டும் என்பது. ஆங்கிலத் தொடரின் நேர்ப்பெயர்ப்பு இது. மயிரிழை என்பது தமிழுக்கு அயலானதன்று. மயிரிழையில் தப்பினான் என்பது வழக்கே. சிக்கல் வெடிப்பில்தான் உள்ளது. தமிழ் உழவர்க்கு வயல் வெடித்தது என்பது பயிர் போயிற்று என்பதற்கு அடுத்த சொல். பஞ்சத்தையும் வறட்சியையும் கூறும் பேச்சுகளில் நிலம் வெடிக்கிறது. அச்சொல்லைக் கேட்டுக் காத்திருக்கச் சொன்னால், மயிரிழை என்னும் அடை அவருக்கு ஆறுதல் தராது. வெடிப்பு வருமுன்னரே மடையைத் திறந்துவிடுவார். மாறாக, அடையைக் கவனியாமல் வெடிப்பை மட்டும் கொண்டவர், களிமண் வயலில் பெரும்பிளவு விழும்வரை இருந்துவிட்டால், அப்பிளவு வழியே அடுத்த நீர் முழுவதும் கீழிறங்கும், நீர்ச்சிக்கனம் நீர்ச்செலவாகும். 'நுண்கீறல்' என்பது இவ்விடத்துக்குப் பொருந்தும். கீறல் ஆழமில்லாதது, அச்சம் தராதது.

பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய துளையிட்ட குழாய் இச்சிக்கலைச் சொல்லிலிருந்து விடுவித்து அளவுக்குக் கொண்டுசென்றது. வயலில் பதித்த குழாய்க்குள் நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் பாய்ச்சவேண்டும், பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் நீர் தேங்கி நிற்கலாம். எண்ணுக்கு இருபொருள் இல்லை. ஆனால் எல்லா வயலிலும் குழாய் இல்லை. எல்லா உழவர் வாயிலும் காய்ச்சலும் பாய்ச்சலும் இருக்கின்றன. துண்டறிக்கையின் நான்காம் பக்கத்து உட்தலைப்பில் கிடக்கும் அத்தொடரை முதற்பக்கத் தலைப்புக்கு ஏற்றுவதற்கு ஆணையோ நிதியோ வேண்டியதில்லை; அடுத்த பதிப்பை அச்சுக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பேனா போதும்.